தீட்டுக்கழிக்கும் ஜலம்

1854ஆம் ஆண்டில், இலங்கையின் மத்திய மலைநாடு முழுவதும் காப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், அங்கே உழைக்க வந்த தமிழ் மக்களிடையே சுவிசேஷத்தைப் பிரசங்கிப்பதற்கென்று தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஒரு ஸ்தாபனம் தொடங்கப்பட்டு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வருவிக்கப்பட்ட உபதேசியார்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கால்நடையாகச் சென்று போதித்தபோது, அவர்கள் கையில் இருந்த வேதாகமத்தில் லேவியராகமம் என்ற மூன்றாம் புஸ்தகமும் இருந்தது. பிரசவித்த ஸ்திரீயின் தீட்டு, மாதவிலக்கின் தீட்டு, பிரேதத்தைத் தொட்டவனின் தீட்டு, இவற்றைக் கழிக்கும் ஸ்நானம், பலி, நாள் கணக்கு என்று அத்தியாயம் அத்தியாயமாக விரியும் அந்தப் புஸ்தகம், இங்கிலாந்தின் சபைகளில் வாசிக்கப்படும்போது கேட்பவர்களுக்குப் பெரும் விளக்கம் வேண்டியிருக்கும். மலைநாட்டுத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் வாசிக்கப்பட்டபோது எந்த விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தீட்டு உண்டென்பதும், இழவு வீட்டுக்குத் தீட்டு உண்டென்பதும், அதற்கு நாளும் நீரும் உண்டென்பதும் கேட்டவர்கள் பிறந்த நாள் தொட்டு அறிந்த காரியங்கள். இந்தப் பரிச்சயமே ஒரு விதத்தில் பாக்கியமாகவும் இன்னொரு விதத்தில் பேராபத்தாகவும் அமைந்தது என்பது என் எண்ணம்.

காப்பி நோயால் அழிந்து தேயிலை வேரூன்றிய பிறகும், தோட்டத்து ஆசாரங்கள் கடல் கடந்து வந்தபடியே நிலைத்தன. ஒரு பெண் பெரியபிள்ளையானால் அவளை லயத்துக் காம்பராவின் ஒரு மூலையிலோ, பச்சை ஓலையும் தழையும் கொண்டு கட்டிய குச்சிலிலோ தனித்து இருத்தி, தாய்மாமன் வீட்டார் வந்து சேரும்வரை வேறு பாத்திரத்தில் சோறிட்டு, குறித்த நாளில் தலைக்குத் தண்ணீர் வார்த்து, டோபி கொண்டு வந்த மாற்றுச் சேலையை உடுத்தி, அவள் இருந்த குச்சிலைக் கொளுத்திவிட்டு வீட்டுக்குள் அழைப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பொதுவாக முப்பது நாள்; இறந்தவர் வீட்டுக்குக் கருமாதி வரை பதினாறு நாள். இவையெல்லாம் நாள் முடிந்தால் முடியும் தீட்டுகள். ஆனால் நாள் முடிந்தாலும் முடியாத தீட்டு ஒன்றும் அதே கப்பலில் வந்திறங்கியது. கங்காணிகள் தங்கள் ஊர்களிலிருந்து சாதிசனமாக ஆள் கட்டிக் கொண்டு வந்தமையால், தோட்டத் துரைமாரும் வசதி கருதி அந்தப் பிரிவினைக்கு இசைந்து, குடியானவர் லயம், பள்ளர் லயம், பறையர் லயம், சக்கிலியர் லயம் என்று லயங்களைப் பிரித்துவிட்டனர். மலைச்சரிவில் ஊறும் நீரை மூங்கில் பிளவிலோ தகரத்திலோ வாங்கி விழச் செய்யும் பீலியில், யார் முதலில் குடம் பிடிப்பது, யார் மேற்பக்கம் குளிப்பது என்பதில்கூட அந்தத் தீட்டு நின்றது. அட்டைக் கடியிலும் பனியிலும் ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்தவர்கள், பொழுது சாய்ந்து பீலிக்கு வந்ததும் வெவ்வேறு மனிதர்களாயினர்.

இவ்விரண்டு வகைத் தீட்டையும் ஒன்றாகவே பாவித்துப் பழகிய ஒரு சமூகத்தின் காதில் லேவியராகமம் விழும்போது, பூர்வ இஸ்ரவேலரும் நம்மைப்போன்றே ஆசாரம் காத்தவர்கள், ஆகவே நம் ஆசாரத்துக்கு வேதத்திலேயே பிரமாணம் இருக்கிறது என்று தோன்றுவது எளிது. அப்படித் தோன்றியவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆகையால் அந்தப் புஸ்தகம் உண்மையில் என்ன விதித்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியமாகிறது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தின்படி, ஆண்பிள்ளை பெற்ற தாய்க்கு ஏழு நாள் தீட்டும், அதன்மேல் முப்பத்துமூன்று நாள் சுத்திகரிப்புக் காலமும் சேர்ந்து நாற்பது நாள். பெண்பிள்ளையானால் அது எண்பது நாள். அந்நாட்கள் நிறைந்தபின் அவள் ஓர் ஆட்டுக்குட்டியைச் சர்வாங்க தகனபலியாகவும், ஒரு புறாவைப் பாவநிவாரண பலியாகவும் ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வகையற்றவளானால் இரண்டு காட்டுப்புறாக்களோ இரண்டு புறாக்குஞ்சுகளோ போதும் என்று எட்டாம் வசனம் இடங்கொடுக்கிறது. பிள்ளை பெறுவது பாவம் என்று அந்த அத்தியாயத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. பிறந்த சிசுவுக்கும் தீட்டு விதிக்கப்படவில்லை. உதிரமும் மரணமும் ஜனனமும் மனிதனுடைய வசத்தில் இல்லாத காரியங்கள். ஜீவன் உட்புகும் வாசலிலும் வெளியேறும் வாசலிலும் நிற்கிறவன், ஜீவனுக்கு ஊற்றாகிய தேவனுடைய ஸ்தலத்தை உடனே நெருங்காமல் சற்றே காத்திருக்க வேண்டும் என்பதே அந்த விதிகளின் உட்பொருள் என்று லேவியராகமத்துக்குப் பேருரை எழுதிய யாக்கோபு மில்க்ரோம் போன்ற யூத அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

மரணத் தீட்டைக் கழிக்க எண்ணாகமம் 19ஆம் அத்தியாயம் விதிக்கும் முறை இன்னும் விசித்திரமானது. நுகத்தடி ஏறாத, பழுதற்ற, சிவப்பான ஒரு கிடாரியைப் பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோய்க் கொன்று, கேதுருக்கட்டையும் ஈசோப்பும் சிவப்புநூலும் போட்டு முழுவதையும் சுட்டெரித்து, அந்தச் சாம்பலைச் சேமித்து வைத்திருப்பார்கள். பிரேதத்தைத் தொட்டவனுக்காக அதில் ஊற்றுநீர் வார்த்து, அந்தத் தீட்டுக்கழிக்கும் ஜலத்தை மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் அவன்மேல் ஈசோப்பினால் தெளிப்பார்கள். தேங்கிக் கிடக்கும் நீர் அதற்கு உதவாது. ஜீவனுள்ள, ஓடும் நீரே வேண்டும். மலைநாட்டுப் பீலியில் இரவும் பகலும் விழுந்துகொண்டிருக்கும் நீரை அந்த ஆசாரியர்கள் கண்டிருந்தால் மறுபேச்சின்றி ஏற்றிருப்பார்கள். கிடாரியைச் சுட்டவனும் சாம்பலை வாரினவனும் சாயங்காலம் வரை தீட்டுள்ளவர்கள் என்பது அந்தச் சட்டத்தில் உள்ள பெரும் புதிர். பிறரைச் சுத்திகரிக்கும் பொருட்டுச் சுத்தமாயிருந்த ஒருவன் அசுத்தத்தைத் தன்மேல் ஏற்கிறான். கிறிஸ்தவர்கள் பிற்காலத்தில் சிலுவையின் நிழலை இந்த அத்தியாயத்தில் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகமாக ஆட்கொள்வது குஷ்டரோகி திரும்பி வரும் சடங்கு. லேவியராகமம் 14ஆம் அத்தியாயத்தில் ஆசாரியன்தான் பாளயத்தைவிட்டுப் புறப்பட்டு அவனிருக்கும் இடத்துக்குப் போகிறான். நோயாளி ஆசாரியனைத் தேடி உள்ளே வருவதில்லை. நோய் நீங்கியதைக் கண்டபின், உயிருள்ள இரண்டு குருவிகளில் ஒன்றை மண்பாண்டத்திலுள்ள ஊற்றுநீரின்மேல் கொன்று, மற்றதைக் கேதுருக்கட்டையோடும் சிவப்புநூலோடும் ஈசோப்போடும் அந்த இரத்தத்தில் தோய்த்து, சுத்திகரிக்கப்படுகிறவன்மேல் ஏழுதரம் தெளித்து, உயிருள்ள குருவியை வெளியிலே பறக்கவிட வேண்டும். அவன் மயிரைச் சிரைத்து, ஸ்நானம்பண்ணி, பாளயத்துக்குள் வந்து, ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்குவான். எட்டாம் நாளில் ஆசாரியன் பலியின் இரத்தத்தை எடுத்து அவனுடைய வலது காதின் மடலிலும், வலது கையின் பெருவிரலிலும், வலது காலின் பெருவிரலிலும் பூசி, அதே இடங்களில் எண்ணெயும் பூசி, மீதி எண்ணெயை அவன் தலையில் வார்ப்பான். இந்த மூன்று இடங்களையும் இதே புஸ்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வாசகர் முன்பே பார்த்திருப்பார்: ஆரோனையும் அவன் குமாரரையும் ஆசாரிய ஊழியத்துக்குப் பிரதிஷ்டை செய்த நாளில் மோசே இரத்தம் பூசிய இடங்கள் அவை. ஜனங்களுக்குள்ளே கடைசியாகத் தள்ளப்பட்டவன் திரும்பி வரும்போது, முதல் ஸ்தானத்தில் இருந்தவனுக்குச் செய்த மரியாதையைப்போன்ற மரியாதையைப் பெற்று வருகிறான். அவன் முன்னே தீண்டத்தகாதவனாயிருந்தான் என்ற தழும்பு அவன்மேல் இருக்கவே கூடாது என்று அந்தச் சடங்கு கருதியிருக்கிறது.

இஸ்ரவேலரின் தீட்டுக்கு எப்போதும் ஒரு திரும்பும் வழி உண்டு. அதைச் சாதித் தீட்டிலிருந்து பிரிப்பது இதுவே. பிரதான ஆசாரியன் முதல் ஆடு மேய்ப்பவன் வரை எவனும் தீட்டுப்படக்கூடும். எவனும் அதைக் கழித்துக்கொள்ளவும் கூடும். பிறப்பினாலே நித்திய தீட்டுள்ள ஒரு குலம் என்று இஸ்ரவேலருக்குள் எதையும் அந்தச் சட்டம் குறிக்கவில்லை. அசுத்தத்தைப் பற்றி 1966இல் பெயர்பெற்ற நூல் எழுதிய மானிடவியல் அறிஞர் மேரி டக்ளஸ், பின்னர் எண்ணாகமத்தைத் தனியே ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வற்புறுத்தினார்: இந்தியச் சாதிமுறையில் தீட்டு மனிதர்களை மேல் கீழாக அடுக்குகிறது, வேதாகமத்தின் தீட்டோ எந்த வகுப்பையும் தாழ்த்துவதற்குக் கருவியாகவில்லை. அந்நியரைப் பற்றிய பிற்கால யூத வழக்கம் வேறு. ஜாதிகளோடு உண்பதற்குக் கூசிய பேதுருவுக்கு யோப்பா பட்டணத்து மேல்வீட்டில் தரிசனம் கிடைக்க வேண்டியிருந்ததும் அதனால்தான்.

கிறிஸ்தவ அர்த்தம் இந்தத் திரும்பும் வழியிலிருந்தே கிளைக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம், கிடாரியின் சாம்பல் சரீரத்தைச் சுத்திகரிக்குமானால் கிறிஸ்துவின் இரத்தம் மனச்சாட்சியைச் சுத்திகரிப்பது எவ்வளவு நிச்சயம் என்று வாதித்து, பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்ட பலியைப்போல் அவரும் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று முடிக்கிறது. இரண்டு குருவிகளில் ஒன்றை அவருடைய மரணமாகவும் பறந்துபோனதை அவருடைய உயிர்த்தெழுதலாகவும் கண்ட திருச்சபைப் பிதாக்கள் உண்டு. ஆனால் நிருபத்தின் தர்க்கத்தைவிட மாற்கு எழுதின சுவிசேஷத்தின் சம்பவங்கள் எளிய மனத்துக்கு நெருக்கமானவை. குஷ்டரோகியை இயேசு தொட்டார். தொட்டவர் தீட்டுப்படவில்லை, தொடப்பட்டவன் சுத்தமானான். அப்படியும் மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தும்படி அவனை ஆசாரியனிடம் அனுப்பினார்; அவன் ஊருக்குள் திரும்ப அந்தச் சடங்கு அவனுக்கு வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீ கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டபோது, சட்டப்படி அந்தக் கூட்டமே தீட்டுப்பட்டிருக்க வேண்டும். அவரோ அவளைக் கடிந்துகொள்ளாமல் மகளே என்று அழைத்து அனுப்பினார்.

இவ்வளவு தெளிவான முன்மாதிரி இருந்தும் திருச்சபை தடுமாறியது. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா மேற்றிராணியார் தியோனீசியு, மாதவிலக்கான ஸ்திரீகள் நற்கருணையை நெருங்கலாகாது என்று எழுதினார். அதே நூற்றாண்டில் சீரியாவில் தோன்றிய அப்போஸ்தலர் போதனை நூல், ஞானஸ்நானத்தில் பெற்ற பரிசுத்த ஆவி அந்நாட்களில் அவர்களை விட்டு நீங்குவதில்லை என்று அதற்கு நேர்மாறாக வாதித்தது. 601ஆம் ஆண்டில் ரோமாபுரிப் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் காந்தர்பரி அகுஸ்தீனாருக்கு எழுதியதாகப் பீட் என்னும் சரித்திரக்காரர் பதிவு செய்திருக்கும் கடிதம், பிள்ளை பெற்றவள் அந்த நாழிகையிலேயே நன்றி செலுத்த ஆலயத்துக்குள் வந்தாலும் அது பாவமன்று என்கிறது. எனினும் நாற்பதாம் நாள் வழக்கம் மேலைத்தேசமெங்கும் நீடித்தது. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் 1549ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த ஆராதனையை ஸ்திரீகளின் சுத்திகரிப்பு என்று தலைப்பிட்டு, 1552ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அதைப் பிரசவத்துக்குப் பின் ஸ்திரீகள் செலுத்தும் நன்றியறிதல் என்று மாற்றிக்கொண்டது. நுவரெலியாவில் 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கும், டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயத்துக்கும் துரைமார் வழியாக வந்து சேர்ந்தது அந்த ஜெபப் புத்தகமே.

தமிழ் மண்ணில் இந்த வழக்கு வேறு ரூபம் கொண்டது. மதுரை மிஷன் குருக்கள் நாட்டு ஆசாரங்களோடு இசைந்துபோக எடுத்த முயற்சிகளை விசாரிக்க வந்த பாப்புவின் தூதர் தூர்னோன், 1704ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், விலக்கான காரணத்தால் எந்தப் பெண்ணையும் ஆலயத்திலிருந்தும் தேவதிரவிய அனுமானங்களிலிருந்தும் தடுக்கக்கூடாதென்றும், நோயுற்ற பறையர் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் சென்று அனுமானங்கள் கொடுக்க வேண்டுமென்றும் விதித்தார். இரண்டு தீட்டையும் ஒரே ஆணையில் தொட்டமையால் அவர் நாட்டின் நாடியைச் சரியாகப் பிடித்தார் என்றே சொல்ல வேண்டும். நாற்பதாண்டு வாதப் பிரதிவாதத்துக்குப் பின் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தம் சாசனத்தில் அந்தக் கொள்கையை உறுதிப்படுத்தினார். ஆனால் பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் சமரசமும் அதனுடன் சேர்ந்தது. புரொட்டஸ்டண்டு பக்கத்தில் 1833இல் கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன் சாதிப் பிரிவினையைச் சபையிலிருந்து உடனே ஒழிக்கும்படி எழுதியபோது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே எதிர்த்து நின்றார். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் கட்டிய காலம் முழுவதும் இந்தச் சண்டை அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் ஞானஸ்நானத்தையும் இந்தச் சுவரையும் சேர்த்தே மலைக்குச் சுமந்து வந்தார்கள்.

மலைநாட்டில் கத்தோலிக்கத் தாய்மார் நாற்பதாம் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு வந்து, மெழுகுதிரி பிடித்துக் குருவின் ஆசி பெற்று உள்ளே போன வழக்கத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. தேவமாதாவின் சுத்திகரத் திருநாள் என்று முன்னாளில் வழங்கிய பிப்ரவரி 2ஆம் நாளின் சாயல் அதில் உண்டு. மேலும், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஒரு நாள் வேலைப் பேரைக்கூட விட்டுக்கொடுக்காத காலத்தில், தீட்டு என்ற ஒரே காரணத்தால் பிரசவித்தவள் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கும் மலைக்கும் போகாமல் அடுப்பங்கரைச் சூட்டில் குழந்தையோடு கிடக்க முடிந்தது. பிரசவ சகாயத்தைச் சட்டமாக்கிய 32ஆம் இலக்கக் கட்டளை 1939ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்னே அந்த ஏழைப் பெண்ணின் உடம்புக்கு ஓய்வு கொடுத்தது ஆசாரமே. லேவியராகமத்தின் நாற்பது நாளும் அப்படியொரு ஓய்வை இஸ்ரவேலின் தாய்மாருக்குக் கொடுத்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. ஆனால் அதே ஆசாரம் அவளை நற்பந்தியிலிருந்தும் ஜெபத்திலிருந்தும் விலக்கியபோது, ஓய்வு தண்டனையாகிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வந்த குழந்தை ஞானஸ்நானச் சடங்கில் தாய்க்கான ஆசி அந்தச் சடங்கோடு இணைக்கப்பட்டது. அதில் தீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே ஆண்டு புதிய நாட்காட்டியும் பிப்ரவரி 2ஐ ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள் என்று பெயர் மாற்றிற்று.

பாளயத்துக்குப் புறம்பே என்பதை மலையக மக்களுக்கு உரையெழுதி விளக்க வேண்டியதில்லை. மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்தப்பட்டு, நோய்க்குப் பயந்து பரிசோதிக்கப்பட்டு, அனுமதி கிடைத்த பிறகே கடல் தாண்டியவர்கள் அவர்களின் முன்னோர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் குறை சட்டப்படி தீர்வதற்கு 2003ஆம் ஆண்டு வரை ஆயிற்று. வெளியே நிறுத்தப்பட்ட ஒரு ஜனத்துக்கு வாசலுக்குப் புறம்பே பாடுபட்டவரைப் பற்றிய செய்தி எவ்வளவு சொந்தமானது! அந்த ஜனமே தனக்குள் ஒருவரை ஒருவர் பீலியில் விலக்கி நிறுத்துவது எவ்வளவு பெரிய துரோகம்!

ஆகையால் தோட்டத்துச் சிற்றாலயங்களில் ஊழியம் செய்யும் குருமாருக்கும் உபதேசியார்மாருக்கும் ஒரு விண்ணப்பம். லேவியராகமம் 12ஆம் அத்தியாயத்தை வாசிக்கும்போது எட்டாம் வசனத்தை விடாமல் வாசியுங்கள். மரியாள் எருசலேமுக்குக் கொண்டுபோனது அந்த ஏழைகளின் காணிக்கையையே என்று லூக்கா எழுதியிருப்பதையும் சொல்லுங்கள். குஷ்டரோகியின் காதிலும் கையிலும் காலிலும் பூசிய எண்ணெயைப் பற்றி வருஷத்துக்கு ஒரு முறையாவது பிரசங்கியுங்கள். விலக்கு நாளென்று கூசி ஆலயத்தின் பின்வாசலில் நிற்கும் பெண்பிள்ளையை முன் வரிசைக்கு அழைத்து, எல்லோருக்கும் கொடுக்கும் பாத்திரத்தையே அவளுக்கும் கொடுங்கள்.